கத்திரிப்பூச் சுடர்

என் கையெழுத்தைத் தேடிக்கொண்டு ஒரு பொம்பளை வந்திருக்கிறாள் என்று பியூன் சின்னான் வந்து சொன்னபோது நான் பிப்பெட்டை வாயில் வைத்து ஆசிட் உறிஞ்சிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் சிரித்துத் தொலைத்தால் நாக்கு வெந்துபோகும். மெதுவாகப் பிப்பெட்டைக் கீழே வைத்துவிட்டு, கையெழுத்தைத் தேடி வருவதற்கு நான் என்ன தாசில்தாரா என்று அவனிடம் கேட்டேன். சின்னான் சிரிக்கவில்லை. "எருமப்பட்டிப் பக்கமுங்க. வெடியுப்பு கேசுன்னு சொல்றா" என்றான். எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. விளங்கியதும் கோபம்தான் வந்தது. குற்றம் செய்தவனுக்கு முதலில் வருவது கோபம் என்பதை நான் அப்போது கற்றிருக்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது, ஜூன் மாசம். வேதாரண்யம் கடற்கரையில் ஜனங்கள் உப்பு அள்ளிச் சிறைக்குப் போய் இரண்டு மாசம் ஆகியிருந்தது. கடலையே கண்டறியாத எங்கள் சேலம் ஜில்லாவில்கூட, வெள்ளையாகப் பொடிப்பொடியாக எதைப் பார்த்தாலும் சர்க்கார் ஆட்கள் மிரண்டார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவர்களுக்கு வெளுத்ததெல்லாம் பேய். எங்கள் பக்கத்து உவர் மண்ணிலிருந்து இரண்டு உப்பு எடுக்கலாம். ஒன்று வெடியுப்பு. வாணக்காரர்களும் பாறைக்கு வெடி வைப்பவர்களும் வாங்கிப்போவார்கள். லைசென்சு வைத்துக்கொண்டு அதைக் காய்ச்சலாம், தப்பில்லை. இன்னொன்று சோற்றில் போடுகிற உப்பு. அதைக் காய்ச்சினால் ஜெயில். இரண்டும் வெள்ளை, இரண்டும் ஒரே மண், காய்ச்சுவதும் ஒரே கொப்பரை. எது எது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாகத்தான் இரண்டு வாரத்துக்கு முன்னால் என்னைப் பிடித்துப் போட்டார்கள். அப்போது நான் காலேஜில் கெமிஸ்ட்ரி டெமான்ஸ்ட்ரேட்டர். இராசிபுரத்துத் தறிக்காரர் வீட்டில் முதலில் காலேஜ் வாசலை மிதித்தவன். அரக்கு முத்திரை போட்ட சர்க்கார் உறையை என் பெயருக்கு, "சண்முகவேல் அவர்கள் பார்வைக்கு" என்று எழுதி உப்பு இன்ஸ்பெக்டர் நீட்டியபோது, தரையில் கால் பாவவில்லை எனக்கு.

பத்து நிமிஷ வேலை. பிளாட்டினக் கம்பியை ஆசிட்டில் தோய்த்து, நிறமில்லாமல் எரியும்வரை ஸ்பிரிட் விளக்கில் சுட்டேன். உறைக்குள் இருந்த வெள்ளைப் பொடியில் ஒரு துளி தொட்டு மறுபடி சுடரில் காட்டினேன். மஞ்சள். கண் கூசுகிற மஞ்சள். சுடரின் வெளிச்சத்தைக் கோடு கோடாகப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ராஸ்கோப் குழாயை எடுத்துப் பார்த்தேன். இருட்டில் இழுத்துக் கட்டிய ஒரே மஞ்சள் கோடு. சோடியத்தின் கோடு. போதுமென்று கண்ணை எடுத்துவிட்டேன். "சோடியம். சமையல் உப்பு எனக் கொள்ளலாம்" என்று எழுதி, கையெழுத்தின் கீழே ஒரு கோடும் போட்டேன். அதன்பின் அந்தப் பொடி எந்த ஊருடையது, யார் காய்ச்சியது என்று ஒரு நிமிஷம்கூட யோசித்ததில்லை.

வராந்தாவில் நின்றவளுக்கு நாற்பது வயசிருக்கும். பெயர் பெரியநாயகி. முழங்கைவரை தோல் வெடித்து வெளுத்திருந்தது, உவர் மண்ணைக் கரைத்து வடிக்கிற கை. புருஷன் செத்த பிறகு லைசென்சு இவள் பெயருக்கு மாறியிருக்கிறது. வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள். ஜாமீனில் வெளியே இருக்கிறாள். குற்றம் ருசுவானால் மூன்று மாசம் ஜெயில், லைசென்சு ரத்து, கொப்பரையை உடைத்துவிடுவார்கள் என்று யாரோ எழுத்தர் சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் அவள் அழுதுகொண்டு சொல்லவில்லை. சந்தையில் விலை சொல்வதுபோல் ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, மடியிலிருந்து நகல் காகிதத்தை எடுத்து, இது நீங்கள் எழுதியதுதானா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பார்த்ததைத்தான் எழுதினேன், மஞ்சளாக எரிந்தால் சோடியம், சோடியம் என்றால் உப்பு, இது சயின்ஸ், இதில் உனக்கும் எனக்கும் பேச ஒன்றுமில்லை என்றும் சேர்த்துக்கொண்டேன். குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து வகுப்பிலிருந்து இரண்டு பையன்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவள் நிதானமாக, "மஞ்சயா எரிஞ்சுதுங்களா, சரி. அதுக்குள்ள என்ன எரிஞ்சுதுன்னு பாத்தீங்களா?" என்றாள்.

ஒரு கரண்டி கங்கு கிடைக்குமா என்று அவள் சின்னானைக் கேட்டாள். அவனுக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. ஹாஸ்டல் அடுப்பிலிருந்து இரும்புக் கரண்டியில் கங்கும், கூடவே ஒரு சிட்டிகை சமையல் உப்பும் கொண்டுவந்தான். வராந்தாவுக்குக் கீழே வேலி நிழலில் குந்தி, முதலில் சமையல் உப்பைக் கங்கில் போட்டாள். படபடவென்று தெறித்து அடங்கிற்று. பிறகு முந்தானை முடிச்சிலிருந்து தன் பொடியைக் கிள்ளிப் போட்டாள். கங்கு புஸ்ஸென்று சீறி எரிந்தது. அந்த இடத்தில் கரி குழிந்துபோயிற்று. நாக்கில் வைத்தால் குளுகுளு என்று இருக்கும், அது ஒரு சோதனை. கங்கு இன்னொரு சோதனை. இவை இரண்டும் போதாது என்பவர்களுக்குச் சுடரின் ஓரம் என்றாள். "ஓரத்தப் பாருங்க. கத்திரிப்பூ தெரியும்" என்று இன்னொரு சிட்டிகை போட்டாள். நானும் குந்தினேன். பி.ஏ. படித்தவன், ஒரு கரண்டிக் கங்குக்கு முன்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மஞ்சள்தான் தெரிந்தது. அதன் விளிம்பில், கண் சிமிட்டுகிற நேரத்துக்கு, கத்திரிப்பூ நிறம் ஒன்று வந்து போனது. வந்ததா, அவள் சொன்னதால் எனக்கு வந்ததா என்று அடித்துச் சொல்ல முடியவில்லை.

தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். பிடித்த முயலுக்கு மூன்று கால். அவள் கரண்டியைச் சின்னானிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். "வெள்ளிக்கெழம நாமக்கல் கோர்ட்டுல கேசுங்க. உங்களையுந்தான் கூப்புடுவாங்களாம். நீங்க என்ன வேணாலும் சொல்லிக்கோங்க. இந்தக் காயிதம் பொய்யின்னு நான் சொல்லுவேன், உங்க பேரச் சொல்லித்தான் சொல்லுவேன். பொறவால சொன்னேன்னு இருக்கக்கூடாது பாருங்க, அதுக்குத்தான் வந்து சொல்லீட்டுப் போறேன்." அந்த முடிச்சிலேயே மிச்சமிருந்த பொடியை வராந்தாக் கட்டையில் வைத்தாள். பஸ்சுக்கு நேரமாகிவிட்டது, வாரேனுங்க என்று போய்விட்டாள். போகும்போதுகூட மரியாதையாகச் சொல்லிக்கொண்டு போனதுதான் என்னை அதிகம் குத்தியது. திட்டிவிட்டுப் போயிருந்தால் நானும் பதிலுக்கு மனசுக்குள் திட்டிக்கொண்டு வேலையைப் பார்த்திருப்பேன்.

உள்ளே போய் ஜன்னல் கதவுகளைச் சாத்தினேன். அவள் வைத்துவிட்டுப் போனதைத் தொடவில்லை. முத்திரை உறையில் மிச்சமிருந்ததையே எடுத்தேன். மதராஸில் படித்தபோது என் காசில் வாங்கிய நீலக் கண்ணாடித் துண்டு ஒன்று பெட்டியில் கிடந்தது. கோபால்ட் சேர்த்துச் செய்த கண்ணாடி. சோடியத்தின் மஞ்சளை அது விழுங்கிவிடும், பின்னால் ஒளிந்திருப்பதை மட்டும் விடும். இதைப் பையன்களுக்கு நானே வருஷா வருஷம் சொல்லிக்கொடுக்கிறேன், அதுதான் வெட்கக்கேடு. முதலில் சமையல் உப்பைச் சுடரில் வைத்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அடுத்து அந்தப் பொடி. சுடர் முழுக்கக் கத்திரிப்பூ. சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் பொட்டாசியம், வெடியுப்பு. ஸ்பெக்ட்ராஸ்கோப்பை எடுத்து மஞ்சள் கோட்டைத் தாண்டிச் சிவப்பு ஓரத்துக்குக் கண்ணை நகர்த்தினேன். இருக்கிறதா இல்லையா என்கிற இடத்தில், சேலைக் கரையின் கடைசி இழைபோல் பொட்டாசியத்தின் சிவப்புக் கோடு நின்றது. இரண்டு வாரத்துக்கு முன்னாலும் அது அங்கேதான் நின்றிருக்கும். நான்தான் கண்ணை எடுத்துவிட்டேன். ஸ்டூலில் உட்கார்ந்து என்னையே கொஞ்ச நேரம் திட்டித் தீர்த்தேன்.

புரொபசரிடம் போனேன். நல்ல மனுஷன், அதனால்தான் பேசுவது கஷ்டமாக இருந்தது. பொறுமையாகக் கேட்டார். சம்மன் வந்திருக்கிறது, போ, கையெழுத்து என்னுடையதுதான் என்று சொல், வந்துவிடு, வேறு ஒன்றும் பேசாதே என்றார். சர்க்கார் கிராண்ட் பணத்தில் காலேஜ் நடக்கிறது என்றார். என் உத்தியோகம் இன்னும் நிரந்தரமாகவில்லை என்பதையும் நினைவுபடுத்தினார். பிறகு தழைந்த குரலில், ஒருதரம் எழுதியதை மாற்றினால் அப்புறம் நாம் எழுதுகிற எதை நம்புவார்கள் என்று கேட்டார்.

"மாத்தலீன்னா, நம்புறதுதான் தப்புங்க சார்" என்றேன். எங்கிருந்து வந்தது அந்தத் துணிச்சல் என்று எனக்கே தெரியவில்லை. அவர் ஸ்பெக்ட்ராஸ்கோப்பை எடுத்துக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். காலேஜ் சொத்து வெளியே போகக்கூடாதாம். சரி, நீலக் கண்ணாடி என்னுடையது. பிளாட்டினக் கம்பி காலேஜுடையது. அதைத் திருடிக்கொண்டு போனேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கே நாமக்கல்லில் பாறை வெயில் இறங்கிவிட்டது. கோர்ட் கட்டடம் பழசு. உள்ளே மாஜிஸ்டிரேட், எழுத்தர், இன்ஸ்பெக்டர், கூண்டில் பெரியநாயகி. அவளுக்கு வக்கீல் இல்லை. மேஜைமேல் பிடித்துவந்த சாக்கும் என் காகிதமும் இருந்தன. கையெழுத்து உன்னுடையதா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். இன்ஸ்பெக்டர் உட்காரப் போனார். கையெழுத்து என்னுடையது, எழுதியது தப்பு, அதைக் கோர்ட் முன்னால் காட்ட அனுமதி வேண்டும் என்று சொன்னேன். உட்காரப் போனவர் பாதியில் நின்றார். மாஜிஸ்டிரேட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னை மேலும் கீழும் பார்த்தார். தப்பு என்று தானே சொல்லிக்கொள்ளும் சாட்சியை அவர் அதிகம் பார்த்திருக்கமாட்டார்.

ஜன்னல்களைச் சாத்தச் சொன்னார். எதிர் ஓட்டலிலிருந்து சமையல் உப்பு வந்தது. ஸ்பிரிட் விளக்கைப் பற்ற வைத்தேன். சாக்கிலிருந்து எடுத்த பொடியைக் கம்பியில் தொட்டுக் காட்டினேன். மஞ்சள். இன்ஸ்பெக்டர் செருமினார். மாஜிஸ்டிரேட் மேடையை விட்டு இறங்கிவந்து நீலக் கண்ணாடியை வாங்கி அதன் வழியாகப் பார்த்தார். பார்த்தபடியே இருந்தார். கண்ணாடி நீலமாக இருந்தால் எல்லாம் ஊதாவாகத்தானே தெரியும் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். நியாயமான கேள்விதான். ஓட்டல் உப்பை அதே கம்பியில், அதே கண்ணாடியில் காட்டினேன். ஊதாவும் இல்லை, ஒன்றும் இல்லை. பொடியைக் காட்டினேன். கத்திரிப்பூ. மாஜிஸ்டிரேட் இரண்டையும் மூன்றுதரம் மாற்றி மாற்றிப் போடச் சொன்னார். கடைசியில் எழுத்தரைக் கூப்பிட்டு, நீயும் பார் என்றார். எழுத்தர் பார்த்துவிட்டு, தெரியுதுங்க என்று சொன்னபோது எனக்கு நெஞ்சு விம்மியது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

இன்ஸ்பெக்டர் முட்டாள் இல்லை. எழுந்து வந்து, பதறாமல், "பொட்டாசியம் இருக்கு, ஒத்துக்கறேன். சோடியம் இல்லேன்னு இவர் சொல்லுவாரா?" என்று கேட்டார்.

வெடியுப்பில் துளி உப்பு எப்போதும் ஒட்டியிருக்கும். ஆனால் இதில் எரிந்த மஞ்சள் துளி உப்பின் மஞ்சள் இல்லை. முதல் நாள் என் கண்ணைக் கூச வைத்து ஏமாற்றியதே அதுதான். கொஞ்சம் என்று சொல்லிவிட்டால் என்ன? யார் அளந்து பார்க்கப் போகிறார்கள்? ஒரு தப்பை எழுதிவிட்டு, அதைத் திருத்த இன்னொரு தப்பைச் சொல்வதா என்று தொண்டைக்குள்ளேயே ஒரு சண்டை நடந்தது. பெரியநாயகியைப் பார்த்தேன். அவள் என்னை முறைத்துக்கொண்டிருந்தாள், பொய் சொல்லிவிடுவேனோ என்று பயந்தவள்போல. "இருக்கு. இருக்க வேண்டியதுக்கு மேலேயே இருக்கு" என்றேன். காப்பாற்ற வந்தவனே பிடித்துத் தள்ளியதுபோல் ஆயிற்று. எழுத்தர் அதையும் எழுதிக்கொண்டார்.

"நாந்தானுங்க போட்டேன்."

கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு அவள்தான் பேசினாள். பழைய கொப்பரை ஓட்டை விழுந்து, சித்திரையில் புதுக் கொப்பரை ஏற்றியிருக்கிறாள். புதுக் கொப்பரையின் முதல் காய்ச்சலில் அங்காளம்மனுக்கு இரண்டு கையும் சேர்த்து அள்ளிய உப்பைப் போடாமல் அடுப்பு மூட்டமாட்டார்களாம் அவர்கள் ஆட்கள். மாமியார் காலத்திலும் போட்டது, அதற்கு முன்னாலும் போட்டது. பிடித்துவந்தது அந்த முதல் காய்ச்சல் சரக்குதான். "எருமப்பட்டிக் கடையில காசு குடுத்து வாங்குன உப்புங்க சாமி. அதுக்கு வரி உங்குளுக்கு எப்பவோ வந்து சேந்துருச்சு. நீங்க வித்த உப்பத்தான் நீங்களே புடிச்சுட்டு வந்துருக்கறீங்க."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாஜிஸ்டிரேட் சிரிக்கவில்லை. இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டார்.

"கேக்கலீங்களே. புடிச்சவரும் கேக்கல, எழுதுனவரும் கேக்கல" என்றாள். அந்த இரண்டாவது பாதி எனக்கு. அதைத் தலையைக் குனிந்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

தீர்ப்பு மத்தியானம் இரண்டரைக்கு என்று எழுந்து போய்விட்டார் மாஜிஸ்டிரேட். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எல்லோரும் முற்றத்துக்கு வந்தோம். அங்கே ஐம்பது பேராவது இருப்பார்கள். வரப்புச் சண்டைக்காரர்கள், வாய்தாவுக்கு வந்தவர்கள், சும்மா நிழலுக்கு வந்தவர்கள். சூரியன் உச்சியில் இருந்ததால் நிழல் என்பது கோர்ட் சுவரை ஒட்டி ஒரு முழம் அகலத்துக்குத்தான். எல்லோரும் அதில் முதுகை ஒட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பெரியநாயகியும் போய் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். வேண்டாமென்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு, சாப்பிட்டீர்களா என்று கேட்டாள்.

அப்போதுதான் இன்ஸ்பெக்டர் வந்தார். கெட்ட எண்ணத்தோடு வந்ததாக நான் சொல்லமாட்டேன். உப்பு இருப்பது ருசுவாகிவிட்டது, சாமிக்குப் போட்டாலும் பூதத்துக்குப் போட்டாலும் உப்பு உப்புதான், உள்ளே போனதும் குற்றத்தை ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேள், ஜெயில் இல்லாமல் செய்யலாம், கொப்பரை மட்டும்தான் போகும் என்றார். அவள் எழுந்திருக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தவள், கழுத்தைத் திருப்பித் தான் சாய்ந்திருந்த சுவரைப் பார்த்தாள். ஓதம் ஏறிக் காரை பொரிந்த சுவர். தரையிலிருந்து ஆள் இடுப்பு உயரம்வரை வெள்ளைவெளேரென்று பூத்திருந்தது. கட்டைவிரல் நகத்தால் அதைச் சுரண்டினாள். உள்ளங்கையில் ஒரு சிட்டிகை சேர்ந்தது. நாக்கில் வைத்துக் கண்ணை மூடிப் பார்த்தாள், வேலைக்காரி தன் வேலையைப் பார்ப்பதுபோல.

"என்ற வெடியுப்பவிட இதுல உப்பு கூடுதலுங்க" என்று கையை அவர் பக்கம் நீட்டினாள். "இந்தச் செவுத்துக்கு லைசென்சு யாரு பேர்ல இருக்குது?"

"கையைக் கழுவிக்கோ" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் மறுபடி சுரண்டி, மறுபடி நாக்கில் வைத்துக்கொண்டாள். அடுத்து உட்கார்ந்திருந்த கிழவர், வரப்புக் கேசுக்காக வந்தவர், திரும்பிச் சுவரைப் பார்த்தார். தன் விரலை அதில் தேய்த்தார். அட ஆமாப்பா, கரிக்குது என்றார். அவருக்கு அடுத்தவன் தேய்த்தான். வரிசை முழுக்க முதுகுகள் திரும்பின. யாரும் கோஷம் போடவில்லை, எழுந்து நிற்கக்கூட இல்லை. உட்கார்ந்த வாக்கிலேயே ஒவ்வொருத்தரும் சர்க்கார் சுவரில் விரலை இழுத்து, சர்க்கார் ஆளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாயில் வைத்தார்கள். வாசலில் நின்ற போலீஸ்காரர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார், ஐம்பது பேரைப் பார்த்தார், பிறகு கோபுரத்தைப் பார்ப்பவர்போல ஊர் நடுவிலிருக்கும் பாறை மலையைப் பார்க்க ஆரம்பித்தார். பரீட்சை இல்லாமல், கம்பி இல்லாமல், கண்ணாடி இல்லாமல் நானும் குனிந்து விரலை வைத்தேன். கரித்தது.

இரண்டரை மணிக்குக் கோர்ட் டவாலி வெளியே வந்து, பெரியநாயகி, பெரியநாயகி, பெரியநாயகி என்று மூன்றுதரம் கூப்பிட்டான். அவள் முழங்காலில் கையூன்றி எழுந்தாள். விரல் நுனிகள் வெளுத்திருந்தன, புடவையில் துடைக்கவில்லை. அந்தக் கையோடேயே படி ஏறினாள். பின்னால் அந்த நீளச் சுவர் முழுக்க, ஆளுக்கு ஒன்றாக, ஈரக் காரை தெரிய விரல் தடங்கள் இறங்கியிருந்தன.